கூனி நடந்த பத்து நாள்

2025 ஜூன் 16, திங்கள்

நாளை மறுநாள் மதுரையில் எனக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. டம்மி டக் என்று பரவலாகச் சொல்வதுதான்: விலகிய வயிற்றுத் தசையைச் சேர்த்துத் தைத்து, தொங்கும் தோலை நீக்குவது. ஏப்ரலிலேயே முடிந்திருக்க வேண்டியது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6 என்று வந்ததும், "ஏறட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று டாக்டரம்மா தள்ளிவைத்துவிட்டார். இரண்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம். இப்போது 11.8.

இரட்டைப் பிள்ளைகள் பிறந்து எட்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு விலகிய வயிற்றுத் தசை திரும்பச் சேரவே இல்லை. நடுவில் நான்கு விரல் வைக்கலாம். தொப்புளில் சின்னக் குடலிறக்கம், ஓயாத இடுப்பு வலி. ஒரு வருடம் பிசியோதெரபி செய்தும் இடைவெளி மூடவில்லை. கல்யாண வீடுகளில் "எத்தனை மாசம்த்தா?" என்று கேட்பார்கள். அதற்குப் பயந்தே நான் போகாமல் விட்ட விசேஷங்கள் நிறைய.

இது உடம்பு இளைக்கச் செய்கிற ஆபரேஷன் இல்லை. டாக்டரம்மா இதை மூன்று முறை சொன்னார். எடையைக் குறைத்து, ஆறு மாதமாவது அதே எடையில் நின்ற பிறகுதான் எனக்குத் தேதி கொடுத்தார். "இன்னொரு பிள்ளை எண்ணம் உண்டா?" என்றும் கேட்டார். உண்டென்றால் தைத்த தசை மறுபடி விலகும், காத்திருப்பது நல்லது என்றார். எங்களுக்கு அந்த எண்ணம் இல்லை.

ஜூன் 18, புதன்

நின்றபடியே வயிற்றில் பேனாவால் கோடு போட்டார்கள். ஏழரைக்கு உள்ளே போனேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்றுதான் எழுத முடிகிறது. மூன்றரை மணி நேரம் ஆனதாம். இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை, அடிவயிற்றில் ஒரே வெட்டு. பழைய சிசேரியன் தழும்பும் நீக்கிய தோலோடு போய்விட்டது. விலகிய தசைகளை நடுவில் இழுத்துத் தைத்து, குடலிறக்கத்தையும் சரிசெய்து, மேல்தோலைக் கீழே இறக்கி, தொப்புளுக்குப் புது வாசல் வைத்திருக்கிறார்கள்.

வெட்டிய இடம் அவ்வளவாக வலிக்கவில்லை. வலியெல்லாம் உள்ளே தைத்த தசையில்தான். இருமினால் உயிர் போகிறது. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆபரேஷன் அன்று சாயங்காலமே பிடித்து எழுப்பி நாலு எட்டு நடக்கவிட்டார்கள். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்விடக் கூடாதே என்றுதான் அந்த அவசரம். அதற்கு ஊசியும் உண்டு.

ஜூன் 21, சனி

செட்டிநாட்டில், கானாடுகாத்தானில் ஆத்தா வீட்டுக்கு வந்துவிட்டோம். எங்கள் பக்கம் அம்மாவை ஆத்தா, அப்பாவை அப்பச்சி, தாத்தாவை ஐயா, பாட்டியை ஆயா என்போம். முன் சீட்டைச் சாய்த்து, முழங்காலுக்கடியில் தலையணை. வழியில் ஒரு முறை இறங்கி நடந்தேன். எங்கள் வீட்டில் எனக்குப் பெரிய எதிரி நிலைப்படிதான். முகப்பிலிருந்து வளவுக்குள், அதாவது நடுமுற்றப் பகுதிக்குள் போக முழங்கால் உயரத்துக்குக் காலைத் தூக்க வேண்டும். ஒரு பக்கம் அப்பச்சி, ஒரு பக்கம் தம்பி பிடித்துக்கொள்ள, கூனியபடியே தாண்டினேன்.

நிமிரக் கூடாது. தோல் இழுத்துத் தைத்திருப்பதால் ஒரு வாரம், பத்து நாள் குனிந்துதான் நடக்க வேண்டும். படுத்தாலும் முதுகும் முழங்காலும் உயர்ந்தே இருக்க வேண்டும். ஐயாவின் ஈஸிசேர் இதற்கென்றே செய்தது போல இருந்தது. ஆனால் அதிலிருந்து எழ முடியவில்லை, இரண்டு பேர் தூக்க வேண்டியதாயிற்று. கட்டிலில் ஐந்து தலையணைதான் சரிப்பட்டது.

ஜூன் 23, திங்கள்

இடுப்பின் இரண்டு பக்கமும் ஒரு குழாய், நுனியில் ரப்பர் குடுவை. உள்ளே ஊறுகிற நீர் அதில் இறங்கும். காலையும் மாலையும் அளந்து எழுத வேண்டும். அந்தப் பொறுப்பு அப்பச்சியுடையது. பழைய கணக்கு நோட்டில் இடம், வலம் என்று பத்தி பிரித்து, தேதி போட்டு எழுதுகிறார். இன்று இடம் 55 மில்லி, வலம் 40. மகளின் வயிற்றிலிருந்து வடிவதை ஒரு அப்பா முகம் சுளிக்காமல் அளப்பதைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது.

மலச்சிக்கலைப் பற்றி யாரும் போதுமான அளவு சொல்வதில்லை. வலி மாத்திரையால் வருவது. ஐந்து நாள் ஆகிவிட்டது, முக்கவும் கூடாது. டாக்டரம்மா கொடுத்த மருந்தோடு ஊறவைத்த திராட்சை, வாழைத்தண்டு. இன்று விடிகாலையில் விடுதலை. இதைச் செய்துகொள்ளப் போகிறவர்கள் முதல் நாளிலேயே அந்த மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஜூன் 25, புதன்

ஆயாவுக்கும் டாக்டரம்மாவுக்கும் நடுவில் நான். "மீன், முட்டை தின்னா புண்ணு சீழ் வைக்கும், தண்ணியக் குறைச்சுக் குடி" என்பது ஆயா. புண் ஆறப் புரதம் வேண்டும், தண்ணீர் தாராளமாகக் குடி, உப்பைக் குறை என்பது டாக்டரம்மா. கடைசியில் முட்டையும் மீனும் தட்டில் விழுந்தன, ஊறுகாயும் வத்தலும் நின்றன.

ஆனால் ஒன்றில் இருவரும் ஒரே கட்சி. வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பெல்ட், ஆறு வாரம், இரவும் பகலும். "பிள்ளை பெத்தவளுக்கு நாங்க நூல் புடவையைக் கட்டிவிட்டோமே, அதேதான்" என்றார் ஆயா. இந்த வெயிலில் வெந்துபோகிறேன். உள்ளே மெல்லிய பருத்திப் பனியன், மாற்றிக்கொள்ள இரண்டாவது பெல்ட். இது இரண்டும் கட்டாயம் வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

அப்பச்சியின் நோட்டில் இரண்டு நாளாக இரு பக்கமும் 30 மில்லிக்குக் கீழே. மதுரை போய்க் குழாய்களை எடுத்தாயிற்று. ஒரு நொடி சுருக்கென்றது, அவ்வளவுதான்.

ஜூலை 1, செவ்வாய்

முதல் முறையாகக் கண்ணாடியில் முழுதாகப் பார்த்தேன். வீங்கி, ஒரு பக்கம் மேடாக, தொப்புளில் பொருக்கு. இதற்காகவா என்று அழுதேன். இரண்டாவது வாரம் இப்படித்தான் அழுவாய் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், அப்படியும் அழுகை நிற்கவில்லை. வீக்கம் முழுதாக வடிய ஆறு மாதத்துக்கு மேல் ஆகலாமாம்.

தொப்புளுக்குக் கீழே தொட்டால் எனக்குத் தெரியவில்லை. உணர்வு மெல்லத்தான் வரும். ஆத்தா வெந்நீர்ப் பையோடு வந்தபோது நல்லவேளை தடுத்தேன். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும்.

ஜூலை 9, புதன்

நடக்கும்போது வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்குவது போல இருந்தது. குழாய் எடுத்த பிறகும் நீர் கோர்க்குமாம். டாக்டரம்மா ஊசியால் 80 மில்லி உறிஞ்சி எடுத்தார். மரத்த இடம் என்பதால் வலியே இல்லை. வீட்டிலேயே சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று இன்றும் சொல்லி அனுப்பினார்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. ஆத்தா கும்மாயம் என்ற இனிப்பைக் கிண்டினார்கள். உருளியை இறக்கக் கைகொடுக்கப் போனேன், ஒரு அதட்டல் விழுந்தது. ஆறு வாரம் வரை கனம் எதையும் தூக்கக் கூடாது. பிள்ளைகளும் நான் உட்கார்ந்தால்தான் கட்டிக்கொள்கிறார்கள்.

ஜூலை 30, புதன்

ஆறு வாரம். பெல்ட்டைப் பகலில் கழற்றலாம், தழும்பில் சிலிகான் ஜெல் தடவலாம். தழும்பு செக்கச்சிவந்து இருக்கிறது, வெளுக்க ஒரு வருடமாகும். இடுப்பு வலி பாதிக்கு மேல் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பக்கத்து வீட்டு ஆச்சி வந்திருந்தார்கள். இதுவரை கேட்டவர்களுக்கெல்லாம் ஆத்தா "குடலிறக்க ஆபரேஷன்" என்றே சொல்லிவந்தார்கள். அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஆத்தாவின் குரல் கேட்டது.

"வயித்துத் தசை பிரிஞ்சு கெடந்துச்சு ஆச்சி. தச்சு, தொங்குன தோலையும் எடுத்துட்டாக. பத்து நாள் கூனித்தான் நடந்தா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் ஆச்சி தணிந்த குரலில், "என் மருமகளுக்கும் அப்படித்தான் இருக்கு. வலி தாங்குமா?" என்றார்கள்.

ஆத்தா என்னைக் கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்து, ஏப்ரல் மாத ரத்தப் பரிசோதனையிலிருந்து ஆரம்பித்தேன்.