கறுத்துப்போன புகை

லண்டனில் பழைய காகித ஓவியங்களைச் செப்பனிடும் பணிமனை ஒன்றில் நான் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. கையெழுத்தில்லாத ஒரு விக்டோரியா காலச் சித்திரம் என் மேசைக்கு வந்தது. பேனா மசியில் கோடுகள், மேலே நீர்வண்ணம். கிரிமியப் போரில், 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் சுமார் 670 பிரிட்டிஷ் குதிரைவீரர்கள், குழப்பமான ஓர் உத்தரவால் ரஷ்யப் பீரங்கிகளுக்கு நேராகப் பாய்ந்தார்களே, அந்தக் காட்சி.

பள்ளத்தாக்கைக் கன்னங்கரேலென்று புகை மூடியிருந்தது. சாவைக் காட்டத்தான் ஓவியர் கறுப்பைப் பூசியிருக்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதியேவிட்டேன். எங்கள் மூத்தவர் அதைப் படித்துவிட்டு, "அந்தக் காலத்து வெடிமருந்துப் புகை என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளை. பஞ்சுப் பொதி போல வெள்ளை.

அப்புறம் நுண்ணோக்கியில் பார்த்தேன். கறுப்பின் ஓரத்தில், சட்டம் மறைத்திருந்த இடத்தில், பொட்டு வெள்ளை. பூசியிருந்தது ஈய வெள்ளை. கரியும் எரிவாயு விளக்கும் எரிந்த அறைக் காற்றின் கந்தகம் பட்டுப்பட்டு அது கறுத்திருக்கிறது. துத்தநாக வெள்ளை 1834லேயே நீர்வண்ணமாகக் கடைக்கு வந்துவிட்டது. அதைத் தொட்டிருந்தால் இந்தக் கதி இல்லை.

ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் கறுப்பு மறுபடி வெளுக்கும். சிக்கல், பக்கத்திலேயே இருந்த கோடுகள். மாசிக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்த மசி அது. ஈரம் பட்டால் இரும்பு கசிந்து பரவும், நாளடைவில் காகிதத்தையே அரிக்கும். ஆகவே ஊசிமுனைத் தூரிகை, ஒரு துளி, உடனே ஒற்றுத்தாள். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு முழுநாள் போனது. ஒவ்வொரு துளிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இதே தாக்குதலை வரைந்த வில்லியம் சிம்சன் பாலக்லாவா போய்ச் சேர்ந்தது நவம்பரில்தான். பார்த்தவர்களிடம் கேட்டுக் கேட்டு வரைந்தார். படையை நடத்திய கார்டிகன் பிரபுவுக்கு முதல் இரண்டு படங்களும் பிடிக்கவில்லை. பிரபு முன்னால் எடுப்பாகத் தெரிந்த மூன்றாவதுதான் பிடித்தது. சிம்சனே இதை எழுதிவைத்திருக்கிறார்.

என் மேசையில் இருந்த சித்திரத்தில் எடுப்பாகத் தெரிய எந்தப் பிரபுவும் இல்லை. நான்காம் நாள் மாலை, வெளுத்த புகைக்கு அடியில் மெல்லிய பென்சில் கோடு ஒன்று தெரிந்தது. ஒரு குதிரை. தலையைத் திருப்பி, வந்த வழியே ஓடிவருகிறது. சேணத்தில் ஆள் இல்லை.

மூத்தவரைக் கூப்பிட்டேன். இருவரும் வெகுநேரம் பேசவில்லை.