சுழலும் முகிலும் கச்சான்கார அண்ணனும்

நேற்றுப் பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரையில் நிற்கிறேன், மேற்கே கன்னங்கரேலென்று முகில் எழும்புகிறது. கச்சான் விற்கிற அண்ணன் தள்ளுவண்டியை மூடிக்கொண்டே, "தம்பி, அமெரிக்காவில வாற மாதிரி இதுவும் சுழலுமோ?" என்றார். அங்கே முழு இடிமுகிலே சுழலுகிற வீடியோ பார்த்திருப்பார் போல.

ஈரம், கீழே சூடும் மேலே குளிரும், காற்றை மேலே தள்ள ஏதோ ஒன்று. இடிமழைக்கு இவ்வளவும் போதும், எங்களிடம் இதெல்லாம் தாராளம். இல்லாதது நாலாவது: உயரம் போகப்போக காற்றின் வேகமும் திசையும் நன்றாக மாற வேண்டும், தரைக்கும் 6 கிலோமீற்றர் உயரத்துக்கும் இடையே செக்கனுக்கு 20 மீற்றர் அளவு வித்தியாசமாவது. அப்போது இடையிலுள்ள காற்று, உள்ளங்கைக்குள் விளக்குத்திரி உருட்டுவதுபோல படுத்தபடி உருளும், மேலே ஏறும் சூடான காற்று அதை நிமிர்த்திவிட, முகிலே சுழலத் தொடங்கும். அமெரிக்கச் சமவெளியில் கீழே மெக்சிக்கோ வளைகுடாவின் ஈரம், மேலே மேற்கு மலைப்பக்கத்து உலர்காற்று, அதற்கும் மேலே வேகக்காற்று. அங்கே மழை ஒருபக்கம் விழ, காற்று வேறுபக்கம் ஏறும், அதனால்தான் மணிக்கணக்கில் நிற்கிறது. எங்களுடையது ஏறும் காற்றின் தலையிலேயே மழையைக் கொட்டி, பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் தானே அணைந்துவிடும்.

1964 டிசம்பரில் திருகோணமலையை அடித்த புயல் வேறு சாதி, அது கடலில் பிறந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் விரிந்தது.

அண்ணன் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப மின்னல்?" என்றார். அது அடிக்கும் அண்ணே, ஓடுங்கோ என்றேன். இரண்டு பேரும் நனைந்துதான் போனோம்.