நடந்தே போகக்கூடிய பனியாறு

நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் நி-ஓலெசுண்ட் கிராமத்திலிருந்து மிட்ரே லோவேன்பிரேன் பனியாற்றுக்குப் போக ஹெலிகாப்டர் வேண்டாம், படகும் வேண்டாம். கடற்கரையை ஒட்டிக் கிழக்கே சில கிலோமீட்டர் நடந்தால் போதும். 78°55' வடக்கில் இது பெரிய வசதி. பக்கத்துப் பனியாறான ஆஸ்ட்ரே புரோகர்பிரேனில் 1967 முதலும் இங்கே 1968 முதலும் ஆண்டுதோறும் பனியின் வரவு செலவை அளக்க முடிவது இந்த வசதியால்தான். 2008-இல் தொடங்கிய இந்தியாவின் ஹிமாத்ரி நிலையமும் இதே கிராமத்தில்தான் இருக்கிறது. இந்திய ஆய்வாளர்கள் வெஸ்ட்ரே புரோகர்பிரேன் என்ற இன்னொரு பனியாற்றில் கழி நட்டு அளக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், பக்கத்தில் இருக்கிற பனியாற்றுக்குத்தான் ஆட்கள் அரைகுறையாகக் கிளம்புவார்கள்.

முதலில் கரடி. கிராமத்துக் கதவுகளை யாரும் பூட்டுவதில்லை. துருவக் கரடி வந்தால் கைக்கெட்டிய வீட்டுக்குள் நுழைந்துவிடலாம். எல்லையைத் தாண்டினால் அந்தக் கதவு இல்லை. துப்பாக்கியில் தோட்டா மேகசினில் இருக்கும், குழலறை காலியாக இருக்கும். இடறி விழுந்தாலும் வெடிக்காது. அதற்கு முன்னால் பயன்படுத்த வேண்டியது, கரடியை மிரட்டி விரட்டும் ஒளிக்குண்டுத் துப்பாக்கி. இதில் புதியவர்கள் கரடியைக் குறிபார்ப்பார்கள். குண்டு அதன் தலைக்கு மேலே பறந்து பின்னால் வெடித்தால், மிரண்ட கரடி நம் பக்கமாகவே ஓடி வரும். நமக்கும் அதற்கும் நடுவில் வெடிக்க வேண்டும். பயிற்சிக் களத்தில் மீண்டும் மீண்டும் சொல்லித் தருவது இதைத்தான்.

ரேடியோ தொலைநோக்கி இருப்பதால் இந்தப் பகுதியில் வைஃபையும் புளூடூத்தும் கூடாது. கைக்கடிகாரத்தில் ஒளிந்திருக்கும் புளூடூத்தைத்தான் பலர் மறப்பார்கள். தொடர்புக்கு விஎச்எஃப் ரேடியோ பேசுகருவி. உதிரி பேட்டரி சட்டைக்குள் இருக்கட்டும். முதுகுப்பையில் குளிர்ந்து கிடந்தால் வேளைக்கு உதவாது.

உண்மையான ஆபத்து பனிக்கட்டி மேல் ஏறியபின் வருவதில்லை, அதற்கு முந்தைய கற்குவியலில்தான். பார்த்தால் சரளை மேடு; ஆனால் ஒரு சாண் கல்லுக்கு அடியில் பழைய பனிக்கட்டி அப்படியே கிடக்கும். வெயிலில் அது உருகியதும் சரிவு முழுதும் வழுக்கிக் கீழே வரும். பனியாற்றின் முன்முனைக்கு அருகே ஊறிய சேறு முழங்கால்வரை உள்ளே இழுக்கும். ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். கோடையில் சூரியன் மறையாததால் எல்லா நேரமும் ஒன்றுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை, நண்பகல் வெயிலில் உருகிய நீர் கீழே வந்து சேர நேரம் பிடிக்கும், பிற்பகலுக்கு மேல்தான் ஓடை பெருகும். காலையில் கணுக்கால் நனைந்த இடம் திரும்பும்போது தொடைவரை இருக்கலாம். ஆகவே கற்களுக்குக் கனத்த காலணி, ஓடைக்கு ரப்பர் பூட்ஸ் என்று இரண்டையும் சுமப்பதே நல்லது.

பனிக்கட்டிமேல் வேலை எளிது, பிழைகள் நுணுக்கமானவை. நீராவித் துளைக்கருவியால் பல மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு அலுமினியக் கழியை இறக்குகிறோம். துளையிடும்போது நடுவில் நின்றால் குளிர்ந்த பனிக்கட்டி குழாயைப் பிடித்துக்கொள்ளும். கழியின் அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகாவிட்டால், வெயிலில் சூடேறிக் கழி தானே கீழே இறங்கும். உருகிய அளவு குறைவாகத் தெரியும். கழியைச் சுற்றிக் கிண்ணம்போல் ஒரு பள்ளமும் விழும். அதன் அடியிலிருந்து அளந்தால் கணக்கு பிசகும். சுற்றிலும் உள்ள தளத்தின்மேல் ஒரு பலகையைக் குறுக்கே வைத்து, அதிலிருந்து கழியின் நுனிவரை அளக்க வேண்டும். சாய்ந்த கழிக்குச் சாய்வையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வசந்தத்தில் அளவுக்கம்பியால் பனியின் ஆழம் பார்ப்பதுதான் என்னைக் கேட்டால் மிகவும் ஏமாற்றும் வேலை. நடுக்குளிர்காலத்தில் மழை பெய்தால் பனிக்குள் ஒரு கெட்டியான தகடு உருவாகிவிடும். கம்பி ‘டங்’ என்று அதில் முட்டியதும், கடந்த கோடையின் தரையைத் தொட்டுவிட்டோம் என்று எழுதிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் குழி தோண்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. எப்படியும் அடர்த்திக்காகக் குழி வெட்டியே ஆக வேண்டும்: கொள்ளளவு தெரிந்த உருளையை அடுக்கடுக்காகச் செருகி எடுத்து எடைபோட வேண்டும்.

கணக்கு இப்படிப் போகும். 150 செ.மீ. பனி, சராசரி அடர்த்தி நீரைப்போல் 0.38 மடங்கு என்றால் 57 செ.மீ. நீர் வரவு. அந்தப் பனி முழுதும் கரைந்து, செப்டம்பரில் கழி முந்தைய செப்டம்பரைவிடக் கூடுதலாக 120 செ.மீ. வெளியே தெரிந்தால், பனிக்கட்டியின் அடர்த்தியான 0.9 ஆல் பெருக்க 108 செ.மீ. நீர், கையிருப்பிலிருந்து போனது. இந்தக் கழியின் ஆண்டு நிகர இழப்பு அதுவே. கோடை முழுதும் உருகியது வரவையும் சேர்த்து 165 செ.மீ. மேலே உள்ள கழிகளில் இழப்பு குறையும் என்பதால் ஒவ்வொரு உயரப் பட்டைக்கும் பரப்பளவுப்படி எடையிட்டுக் கூட்டுகிறோம். 1968-இல் தொடங்கிய இந்தத் தொடரில் பெரும்பாலான ஆண்டுகள் நட்டம்தான். பனியாற்றின் கீழ்முனையான நாக்குப் பகுதியில் கழிகள் சாய்ந்து விழுவதும் அதனால்தான். அடுத்த கோடையைத் தாங்குமளவு நீளம் உள்ளே இல்லையென்றால் செப்டம்பரிலேயே பக்கத்தில் புதிதாக ஒன்றை இறக்கி, இரண்டின் அளவையும் ஒரே நாளில் குறித்துவிட வேண்டும்.