ரோஸ்ட் சிக்கன் பிராக்டிகல்: ஊறவைப்பதா, ஊசி போடுவதா?

கேட்டரிங் பிராக்டிகலில் முழுக்கோழி ரோஸ்ட் வந்தால் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே போங்கள்: "பிரைன் பண்ணினியா, இன்ஜெக்ட் பண்ணினியா? ஏன்?" எனக்கு வந்தது. அடுத்தடுத்து கிளைக்கேள்விகளும் வந்தன.

பிரைன் என்றால் கோழியை ஊறவைக்கும் உப்புத் தண்ணீர்: 1 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 60 கிராம் உப்பு. ஸ்பூன் கணக்கு வேண்டாம். ஒரே ஸ்பூனில் கல் உப்பும் தூள் உப்பும் ஒரே எடை நிற்காது. தராசில் நிறுத்துப் போடுங்கள். பாதித் தண்ணீரைச் சுடவைத்து உப்பைக் கரைத்து, மீதிப் பாதிக்கு ஐஸ் போட்டால் சீக்கிரம் ஆறும். நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் கோழியை இறக்க வேண்டும். அப்புறம் ஃப்ரிட்ஜில், 5 டிகிரிக்குக் கீழே.

"எப்படி வேலை செய்கிறது?" என்றால் பலரும் 'ஆஸ்மாசிஸ்' (உப்பு அதிகமுள்ள பக்கத்துக்குத் தண்ணீர் நகர்வது) என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அது மட்டும்தான் காரணம் என்றால் வெளியே உள்ள உப்புத் தண்ணீர் கறியிலிருந்து நீரை இழுக்க வேண்டுமே? நடப்பது வேறு. உப்பு மெல்ல உள்ளே இறங்கி, தசையில் இருக்கும் மயோசின் போன்ற புரதங்களைத் தளர்த்துகிறது. தளர்ந்த இழை உப்பி, தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. அடுப்புச் சூட்டில் சுருங்கும்போதும் முன்னளவுக்கு நீரை விடுவதில்லை.

அடுத்து ஒரு கேள்வி வைத்திருப்பார்கள்: "பிரைனில் பூண்டும் மிளகும் பிரிஞ்சி இலையும் போட்டியே, அதெல்லாம் உள்ளே போச்சா?" தைரியமாக "இல்லை சார், பெரும்பாலும் தோலோடும் மேல்கறியோடும் நின்றுவிடும்" என்று சொல்லுங்கள். ஆழமாக இறங்குவது முக்கியமாக உப்புதான். மசாலா வாசனை நெஞ்சுக்கறியின் நடுவில் வேண்டுமென்றால் ஊசிதான் வழி.

ஊசி போடுவது என்றால் உப்பும் மசாலாவும் கலந்த திரவத்தை ஊசியால் கறிக்குள் ஏற்றுவது. அதில் கணக்கு முக்கியம். 1,200 கிராம் கோழிக்கு அதன் எடையில் 10 சதவீதம், அதாவது 120 மில்லி திரவம். இதில் பிரைன் அளவுக்கே உப்புப் போட்டால் கறி சப்பென்றிருக்கும். பிரைனில் கோழி உப்புக் குளத்தில் கிடக்கிறது. இங்கே மொத்த உப்பும் அந்த 120 மில்லியிலேயே வர வேண்டும். சுமார் 10 கிராம் போட்டால் கறியில் முக்கால் சதவீதத்துக்குச் சற்று மேலே நிற்கும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள், எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) முகம் மாறும்.

திரவத்தை மெல்லிய துணியில் வடிகட்டாவிட்டால் மிளகுத்தூள் ஊசியை அடைத்துவிடும். ஒரே துளையில் நுழைத்து, முழுதாக வெளியே எடுக்காமல் திசையை மட்டும் மாற்றி, பின்னால் இழுத்தபடியே அழுத்துங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் அங்கே மட்டும் உப்புக்குட்டை. நெஞ்சுக்குத்தான் அதிகம் போட வேண்டும். முதலில் வறண்டுபோவது அதுதான்.

சுத்தம் பற்றிய பதில் ஒன்றே ஒன்று: ஊசி மேலே உள்ள கிருமியை உள்ளே தள்ளும். அதனால் தொடையின் தடித்த இடத்திலும் நெஞ்சின் நடுவிலும் 74 டிகிரி காட்ட வேண்டும். மிச்சத் திரவமும் பிரைனும் சிங்க்குக்குத்தான்.

இரண்டில் எது? எங்கள் பிராக்டிகல் 4 மணி நேரம். முழுக்கோழி நன்றாக ஊறவே அவ்வளவு நேரம் வேண்டும். அதனால் தேர்வறையில் ஊசி என்பதுதான் என் கட்சி. முந்தின நாள் மீஸ் ஆன் பிளாஸ் (சமையலுக்கான முன்தயாரிப்பு) செய்ய அனுமதி கிடைத்தால் இரண்டையும் விட்டுவிட்டு, எடையில் 1 சதவீதம் உப்பைத் தடவி மூடாமல் ஃப்ரிட்ஜில் வைப்பேன். தோல் காய்ந்து மொறுமொறுப்பாக வரும்; தண்ணீரில் ஊறிய கோழியின் தோல் அவ்வளவு சுலபமாகச் சிவக்காது.

தோல் என்றதும் நினைவுக்கு வருகிறது: இண்டென்டில் (தேவையான பொருட்களைக் கேட்டு எழுதும் பட்டியல்) 'தோலோடு' என்று எழுதுங்கள். நம்மூர் பிராய்லர் கடையில் கேட்காவிட்டால் உரித்துத்தான் தருவார்கள். கிரேவிக்கான ஸ்டாக்கையும் (எலும்பு வேகவைத்த சாறு) உப்பில்லாமல் கேட்டு வாங்குங்கள், ட்ரேயில் இறங்கும் சாறிலேயே கிரேவிக்கு வேண்டிய உப்பு இருக்கும்.