தசைப்பிடிப்புக்காக ரத்தம் கொடுத்த அனுபவம்

நெடுந்தூர ஓட்டத்தில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்வது எனக்கு நீண்டகாலத் தொல்லை. உப்புக் குறைவு என்றார் ஒருவர், மக்னீசியம் போதவில்லை என்றார் இன்னொருவர். ஊகங்களைக் கேட்டுச் சலித்து, ரத்தத்தையே பரிசோதித்துவிடலாம் என்று விளையாட்டு மருத்துவரிடம் போனேன்.

எப்போது ரத்தம் எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றார் அவர். ஓடும்போது தசைகளிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறும். நின்ற சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும். வியர்வையில் நீர் போய் ரத்தம் செறிவடைந்தாலும் அளவுகள் மாறித் தெரியும். ஆகவே ஓட்டத்துக்கு முன்பும், முடிந்த உடனேயும், மறுநாளும் எடுப்பதென்று முடிவானது.

எல்லைக்கோட்டருகே ரத்தம் கொடுத்தபோது கெண்டைக்காலில் தோலுக்கு அடியில் சதை இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. பழக்கத்தில் விரல்களை மடக்கப் போனேன். "கையை இறுக்கி மூடாதீர்கள், பொட்டாசியம் பொய்யாகக் கூடிவிடும்" என்று தடுத்தார் ரத்தம் எடுத்தவர். இந்தச் சின்னக் கவனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சோடியம் 140. இயல்பு வரம்பு 135 முதல் 145 வரை. பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் எல்லாமே வரம்புக்குள். அப்படியானால் பிடிப்பு எங்கிருந்து வந்தது?

மருத்துவர் 2004-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் மார்ட்டின் ஷ்வெல்னஸ் குழுவினர் 56 கிலோமீட்டர் ஓடியவர்களின் ரத்தத்தை ஒப்பிட்டார்கள். பிடிப்பு வந்தவர்களுக்குச் சோடியம் சற்றே குறைவு, ஆனாலும் வரம்புக்குள்தான். மக்னீசியமோ அவர்களுக்குத்தான் கொஞ்சம் அதிகம்! களைத்த தசையை முடுக்கும் நரம்புச் சமிக்ஞை கூடி, அடக்கும் சமிக்ஞை குறைவதே காரணம் என்பது அவர்கள் தரப்பு. எனக்கு இது பொருந்துகிறது. காலை நீட்டி, பாதத்தை மேல்நோக்கி இழுத்தால் பிடிப்பு நொடிகளில் தளர்கிறது. அந்த நொடிகளில் ரத்தத்தில் உப்பு ஏறிவிடாதே. வெப்பத்தில் உப்பாக வியர்ப்பவர்களுக்கு உடலெங்கும் வரும் பிடிப்பு வேறு வகை என்போரும் உண்டு. அதை நான் ஒதுக்கவில்லை. உடலிலுள்ள மக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்த நீரில் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது; ரத்த அளவு சரியாக இருப்பதாலேயே உடலில் அது போதுமென்று சொல்லிவிட முடியாது.

மறுநாள் அறிக்கைதான் வீட்டாரைக் கலக்கியது. தசை சேதமடைந்தால் ரத்தத்தில் கசியும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி ஆயிரங்களில் இருந்தது. வழக்கமாகச் சில நூறுக்குள் இருக்க வேண்டியது. நெடுந்தூரம் ஓடியபின் தசை நார்கள் சேதமடைவதால் அது ஏறும், ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சம் தொட்டு இறங்கும் என்று மருத்துவர் விளக்கினார். அவர் கேட்டது ஒன்றே: "சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகிறதா?" போனால் தசைப்புரதம் சிறுநீரகத்தைத் தாக்கலாம், தாமதிக்கக் கூடாது. எனக்கு அப்படி இல்லை. ஓய்வெடுத்தேன், அடுத்த பரிசோதனையில் அளவு இறங்கியிருந்தது.

நீங்களும் பரிசோதிக்கப் போவதானால், எந்தத் தசை எப்போது பிடித்தது, எவ்வளவு குடித்தீர்கள், ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை என்ன என்று எழுதிக்கொண்டு போங்கள். எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்து, சோடியம் நீர்த்திருக்க வாய்ப்புண்டு. அதோடு தலைவலி, வாந்தி, குழப்பம் சேர்ந்தால் அறிக்கைக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.