உரைத்தாளின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு

எங்கள் அரசறிவியல் ஆசிரியர் காலமான செய்தி வந்த நாளிலிருந்து என் மனம் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை விவாதத்தையும், நேரம் முடிந்ததும் அவர் தட்டும் அந்த மேசைமணியையும் இந்த மலரைப் படிக்கும் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நான் எழுத வேண்டியது 2003 மார்ச் மாதத்து முதல் வெள்ளிக்கிழமையைப் பற்றி.

"சர்வாதிகாரியை அகற்றப் போரே வழி" என்பது அன்றைய விவாதப் பொருள். ஈராக் மீதான போருக்கு இரண்டு கிழமைகூட இருக்கவில்லை. ஒட்டிப் பேசிய அணிக்கு நான் தலைவன். 1988 மார்ச் 16இல் ஈராக்கின் ஹலப்ஜா நகரில் சதாம் ஹுசைனின் படை வீசிய நச்சுவாயுவால் ஏறக்குறைய 5,000 குர்து மக்கள் மாண்டதைச் சொன்னேன். பன்னிரண்டு ஆண்டுப் பொருளாதாரத் தடை அந்தச் சர்வாதிகாரியை அசைக்கவில்லை, எளிய மக்களைத்தான் வாட்டியது என்றேன். 1979இல் உகண்டாவின் சர்வாதிகாரி இடி அமீனை விரட்டியது எந்த நீதிமன்றம், தன்சானியாவின் படையல்லவா என்று கேட்டபோது மண்டபம் அதிர்ந்தது. எதிரணியினர் ஒரு நாட்டின்மேல் இன்னொரு நாடு படைபலத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் ஐ.நா. சாசனத்தின் 2(4)ஆம் உறுப்புரையையும், தேர்தலில் தோற்றபின் ஹேக் நகரின் போர்க்குற்ற நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப்பட்ட யூகோஸ்லாவிய அதிபர் மிலோசெவிச்சையும் எடுத்துக்காட்டினார்கள். அதற்கு முன் அவருடைய நாட்டின்மேல் நேட்டோ படைகள் 78 நாள் குண்டு வீசியதை மறந்துவிட்டீர்களா என்று மடக்கினேன். கைதட்டல் முழுவதும் எங்களுக்கே.

சேர் எழுந்து நின்று, தீர்ப்பைச் சொல்லுமுன் என்னை அழைத்தார். "தம்பி, 1988இல் இறந்தவர்களுக்குத் தொகை சொன்னீர். இந்தப் போரில் இறக்கப் போகிறவர்களுக்கு உம்முடைய உரையில் ஏன் ஒரு வரிகூட இல்லை?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஷெல்லடிக்குப் பயந்து பதுங்குகுழிக்குள் இருந்து வளர்ந்த பிள்ளை நான். அந்த ஒரு வரி எனக்கே தோன்றாமற் போனதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் என் உரைத்தாளை வாங்கி, 5,000 என்ற எண்ணுக்கு நேரே ஓரத்தில் சிவப்புப் பேனையால் ஒரு வெறுங்கோடு இழுத்துத் திருப்பித் தந்தார். எதிரணியையும் அவர் சும்மா விடவில்லை. சட்டம் வந்து சேரும்வரை சிறையில் சித்திரவதைப்படுகிறவனுக்கு உங்களுடைய பதில் என்ன என்று கேட்டார். ஆனாலும் வெற்றியை அவர்களுக்கே கொடுத்தார். முழுப் பாடசாலைக்கும் முன்னால் பட்ட அவமானமாகவே அதை எடுத்துக்கொண்ட நான், பரீட்சை முடியும்வரை அவரை விலத்தி நடந்தேன். நாட்டை விட்டுப் புறப்பட்டபோதும் போய்ச் சொல்லவில்லை.

மார்ச் 20இல் போர் தொடங்கியது. போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதக் குவியல் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. அதன்பின் வந்த ஆண்டுகளில் இறந்த பொதுமக்கள், ஆவணங்களில் பதிவானவர்களை மட்டும் எண்ணினாலும், ஒரு லட்சத்தைத் தாண்டுவர். சதாமுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது 1982இல் துஜைல் ஊரவர் 148 பேரைக் கொன்ற வழக்கில். 2006 டிசம்பர் 30இல் அவரைத் தூக்கிலிட்டுவிட்டதால், நான் அத்தனை ஆவேசமாக எடுத்துப் பேசிய ஹலப்ஜாவுக்கு அவர் எந்த நீதிமன்றத்திலும் தீர்ப்புக் கேட்கவே இல்லை. அந்தச் செய்தியை வெளிநாட்டில், இரவுவேலை முடிந்து வந்த களைப்போடு வாசித்தபோதுதான் சேரின் கேள்வி எனக்கு முழுதாக விளங்கியது.

சாட் நாட்டின் சர்வாதிகாரி ஹிசேன் ஹப்ரேக்கு 2016 மே 30இல் டக்கார் நகரில் ஆயுள்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் கையில் வதைபட்டவர்கள் அந்த வழக்குக்காகப் பதினாறு ஆண்டுகள் அலைந்தார்கள். பதவியிலிருந்து அவரை 1990இல் விரட்டியது ஆயுதம்தான்; குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது சட்டம். இதை நீங்கள் எந்த அணிக்குக் கொடுப்பீர்கள் என்று சேரிடம் கேட்க வேண்டும், அந்த வெறுங்கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று மனம் துடித்தது. வகுப்பு நண்பன் ஒருவனிடம் அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கிவிட்டேன். அங்கே நள்ளிரவு என்று கணக்குப் பார்த்து, வயதானவரை எழுப்பக் கூடாது, விடியட்டும் என்று விட்டேன். விடிந்த பிறகு வேலைக்குப் போய்விட்டேன்.