புறாத்தீவில் சுறாவை விட்டுக் கிளிமீன் பின்னால்

இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளிக் கரையில் படகு பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றைத்தான்: சுறா வருமா? "கட்டாயம் காட்டுறன். பயப்படாதீங்க, உங்களைக் கண்டா அதுதான் ஓடும்" என்றார் படகோட்டி அண்ணன். புறாத்தீவு கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். 2003-இல் தேசியப் பூங்காவான இடம் என்பதால் படகுக் கூலி போக நுழைவுச்சீட்டும் தனியாக வாங்க வேண்டும்.

சுறா வந்தது. துடுப்பு முனையில் கறுப்பு, ஆளைவிடச் சின்ன உடம்பு. அண்ணன் சொன்னபடியே ஓடியும் போனது. அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்துப்போனது கிளிமீன். கண்ணில் படும் முன்பே காதில் விழுந்துவிட்டது. முகத்தைத் தண்ணீருக்குள் விட்டால், யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வறுகடலை கடிப்பது மாதிரி 'கறுக் கறுக்' என்று ஒரே சத்தம். பற்கள் ஒட்டி அலகாகிவிட்ட வாய். அதால் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டும்போது பவளக்கல்லும் சேர்ந்து பெயர்ந்து வருகிறது. தொண்டையில் இன்னொரு வரிசைப் பல் அதை மாவாக அரைக்கிறது. ஒன்று என் முகத்துக்கு நேரேயே வெள்ளை மணலைக் கழித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த கல்லுக்குப் போனது. வெப்பக்கடல் தீவுகளின் வெள்ளை மணலில் நல்ல பங்கு இப்படி வந்ததுதான். அதில் துண்டு விரித்துப் படுப்பவர்களிடம் சொல்ல வேண்டாம்! இவை பாசியை மேயாவிட்டால் புதுப் பவளம் ஒட்டி வளர இடமே இருக்காது.

பழுப்பாகத் திரிந்தவை பெரும்பாலும் பெண்கள். பச்சையும் நீலமுமாக மினுக்கிக்கொண்டு போனது ஆண்; அதுவும் முன்பு பெண்ணாக இருந்திருக்கலாம். கிளிமீன்களில் இது சகஜம்.

வண்ணத்துப்பூச்சி மீன்கள் சோடி சோடியாகப் போயின. ஒரு பாறை இடுக்கில் கலவாய் மீன் ஒன்று வாயை ஆவென்று திறந்து வைத்திருக்க, விரல் நீளத்தில் நீலமும் கறுப்பும் கோடு போட்ட மீன் உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளைக் கொத்திக்கொண்டிருந்தது. வேலை முடியும்வரை கலவாய் வாயை மூடவில்லை. பெரிய கிளாத்தி மீனிடம் மட்டும் கவனம்: முட்டையைக் காக்கும் நேரத்தில் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை கூட்டுக்கு நேர் மேலே விரிந்துகொண்டே போகும். மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள்.

அப்புறம் காலையில் முதல் படகிலேயே போய்விடுங்கள், மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி. பிந்திப் போனால் பவளத்தின் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறவர்களின் கால்களைத்தான் பார்ப்பீர்கள்.

இரவு சாப்பாட்டுக் கடையில் கிளிமீன் குழம்பு நல்லா இருக்கும் என்றார்கள். நான் சூரைக் குழம்பு போடச் சொன்னேன்.